30 மீட்டருக்கு கீழ வர்ற நார்க்: ஹெர்மிஸ் கப்பலுக்கு இறங்க ஆசைப்படுறவங்களுக்கு

நீங்க கேட்டது இதுதான்: ஸ்கூபா டைவிங்ல 30 மீட்டர் வரைக்கும் இறங்க விடுற அட்வான்ஸ்டு ஓப்பன் வாட்டர் கார்டு கையில இருக்கு, வர்ற சீசன்ல மட்டக்களப்பு போய் கடலடியில மூழ்கிக் கிடக்கிற ஹெச்எம்எஸ் ஹெர்மிஸ் போர்க்கப்பலைப் பார்க்கணும்னு ஆசை, ஆனா 30 மீட்டர் தாண்டினா தண்ணியடிச்ச மாதிரி ஆயிடும்னு கூட வர்ற பசங்க சொல்றாங்க, அது உண்மையா, உண்மைன்னா எப்படி சமாளிக்கிறது.

உண்மைதான் தம்பி. நைட்ரஜன் நார்கோசிஸ்னு பேரு, டைவர்ங்க பேச்சுல சுருக்கமா நார்க். எனக்கும் வரும், உங்களுக்கும் வரும், தலை நரைச்ச இன்ஸ்ட்ரக்டருக்கும் வரும், யாருக்கு எந்த ஆழத்துல எவ்வளவுங்கிறதுதான் மாறும், அதுவும் ஒரே ஆளுக்கே இன்னைக்கு ஒரு மாதிரி நாளைக்கு ஒரு மாதிரி இருக்கும். ஆனா தண்ணியடிச்ச மாதிரின்னு சொல்றாங்க பாருங்க, அங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. போதை ஏறும்போது தெரியும், தெரிஞ்ச உடனே மேல வந்துடலாம்னு நினைச்சுட்டு இறங்குறாங்க. பல நேரம் தெரியாது. நமக்கு ஏதோ ஆகுதுன்னு கண்டுபிடிக்கிற மூளையைத்தான் இது முதல்ல பிடிக்குது. அதனால கீழ போய் பார்த்துக்கலாம்ங்கிற பேச்சே வேலைக்கு ஆகாது, சமாளிக்க வேண்டியதுல முக்கால்வாசி படகுல உக்காந்திருக்கும்போதே முடிஞ்சிருக்கணும். நான் கீழ எழுதுறது எல்லாம் இதைச் சுத்தித்தான்.

முதல்ல ஏன் வருதுன்னு பார்த்துடலாம். மேல நம்மளச் சுத்தி இருக்கிற அழுத்தம் சுமார் 1 பார். கடல்ல ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொரு பார் கூடும். 30 மீட்டர்ல 4 பார், வாயில வெச்சு மூச்சு விடுற ரெகுலேட்டரும் அந்த அழுத்தத்துலதான் டேங்க் காத்தைக் கொடுக்கும், காத்துல 79 சதவீதம் நைட்ரஜன், ஆக நைட்ரஜனோட பங்கு மட்டும் 3.16 பார், 50 மீட்டர்ல அதுவே 4.74. இது ரத்தத்துல கரைஞ்சு மூளைக்குப் போய் நரம்பு செல்லோட கொழுப்புச் சவ்வுல கரையுது, சிக்னல் போறது மந்தமாகுது. ஆபரேஷன் தியேட்டர்ல மூக்குல வைக்கிற மயக்க மருந்தும் இதே குடும்பம்தான். ஒரு வாயு கொழுப்புல எவ்வளவு நல்லா கரையுதோ அவ்வளவு மயக்கும்னு 1899ல மேயரும் 1901ல ஓவர்டனும் தனித்தனியா கண்டுபிடிச்சு சொன்னாங்க, அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியா வருது: ஹீலியம் ரொம்ப கம்மியா கரையும், மயக்குறதும் இல்ல, ஆர்கான் நைட்ரஜனை விட மோசம், ஜெனானை சாதாரண அழுத்தத்துலயே மயக்க மருந்தா கொடுக்கலாம். சவ்வு இல்ல, அதுல இருக்கிற புரோட்டீனைத்தான் இது கெடுக்குதுன்னு இப்ப சொல்றவங்களும் இருக்காங்க, அந்தச் சண்டை நமக்கு வேணாம். ஆழத்துல வர்ற இந்தக் கிறுகிறுப்புக்கு நைட்ரஜன்தான் காரணம்னு 1935ல சொன்னது அமெரிக்க கடற்படை டாக்டர் ஆல்பர்ட் பென்கியும் அவர் கூட வேலை பார்த்தவங்களும், அதுக்கு முன்னாடி டைவருக்கு மனசு பலவீனம், பயந்தாங்கொள்ளின்னு எல்லாம் பேசிட்டு இருந்திருக்காங்க.

இதையும் டீகம்ப்ரஷன் சிக்னஸையும் போட்டு குழப்பிக்காதீங்க. ரெண்டுக்கும் நைட்ரஜன்தான் காரணம், ஆனா அது மேல வரும்போது குமிழி உண்டாகி வர்றது, ஆஸ்பத்திரியில அழுத்தம் ஏத்தி வைத்தியம் பார்க்குற சேம்பர் வரைக்கும் போகணும். நார்க் கீழ இருக்கும்போது வர்றது, சில மீட்டர் மேல ஏறினாலே விட ஆரம்பிச்சுடும். 33 மீட்டர் டைவ் முடிச்சு வந்தவங்களை சோதிச்சுப் பார்த்த ஒரு ஆய்வுல மேல வந்து அரைமணி நேரம் கழிச்சும் மூளையோட வேகம் பழைய நிலைக்கு வரலன்னு வந்துச்சு, ஆனா நம்ம உணர்வுக்கு மேல வந்ததும் பளிச்சுன்னு ஆயிடும்.

இப்ப எப்படி இருக்கும்னு கேட்டீங்கல்ல. நார்க் ஆனவன் மீனுக்கு ரெகுலேட்டரைக் கழட்டி நீட்டுவான்னு ஒரு கதை எல்லா டைவ் கடையிலயும் சொல்லுவாங்க, நான் அதைப் பார்த்ததில்ல, பார்த்தது எல்லாம் அதை விட சப்பையான விஷயங்கள், ஆபத்தும் அதுலதான் இருக்கு. அந்தமான்ல டீப் கோர்ஸ் பண்ண வந்த ஒருத்தர், ஐடி வேலை, கணக்குல கெட்டி, தண்ணிக்குள்ளயும் நிதானமான ஆள். 30 மீட்டர் தாண்டி மணல்ல முட்டி போட்டு உக்காந்திருக்கோம், காத்து எவ்வளவு இருக்குன்னு சைகையில கேட்டேன். கேஜை தூக்கி நல்லா பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார், ஓகேன்னு காட்டினார். எவ்வளவுன்னு திருப்பிக் கேட்டேன். மறுபடி பார்த்தார், மறுபடி ஓகே. மூணாவது தடவை நானே அவர் கேஜை திருப்பிப் பார்த்தா 90 பார், நிறைஞ்ச டேங்க்ல 200 இருக்கும். கையைப் பிடிச்சு மெதுவா மேல கூட்டிட்டு வந்தேன், 22 மீட்டர் கிட்ட வந்ததும் அவரே கேஜை எடுத்துப் பார்த்து கண்ணு விரிஞ்சுது. படகுல ஏறினதும் கேட்டா, "நான் 110ன்னு உங்களுக்கு காட்டினேனே சார்"ங்கிறார். பொய் சொல்லல, காட்டினதா அவருக்கு நிஜமாவே ஞாபகம் இருக்கு! சிரிப்பு இல்ல, ஆட்டம் பாட்டம் இல்ல, வெளியில இருந்து பார்த்தா அருமையான டைவர்.

பெரும்பாலும் இப்படித்தான். கண்ணு நம்பரைப் பார்க்கும், நம்பர் மண்டையில பதியாது. ஒரே விஷயத்துல ஒட்டிக்குவீங்க, கேமராவோ ஒரு சங்கோ ஏதோ ஒண்ணு, மத்தது எல்லாம் மறைஞ்சுடும். அஞ்சு நிமிஷம் ஆச்சுன்னு நினைப்பீங்க, பத்து ஆகியிருக்கும். சிலருக்கு காதுக்குள்ள குமிழி சத்தமே வேற மாதிரி, எங்கேயோ தூரத்துல எதிரொலிக்கிற மாதிரி கேக்கும், எனக்கு அதுதான் முதல் அடையாளம். உதடு மரத்த மாதிரி இருக்குன்னு சிலர் சொல்றாங்க. சுகமா இருக்கும்னும் அடிச்சு சொல்ல முடியாது, தண்ணி இருட்டா குளிரா கலங்கலா இருந்தா அதே நார்க் பயமா மாறிடும், காரணமே இல்லாம ஏதோ தப்பா போகுது, ரெகுலேட்டர் காத்தே தரமாட்டேங்குதுன்னு தோணும், அப்ப பட படன்னு மேல ஓடத் தோணும் பாருங்க, அது சுகமான நார்க்கை விட மோசம், ஏன்னா ஓடினா நுரையீரல் போகும். 50 மீட்டர் பக்கம் போனா பதில் சொல்லவே நேரம் எடுக்கும், சிரிப்பு வரும், தூக்கம் வரும், தேவையில்லாத தைரியம் வரும். 90 மீட்டர்ல காத்தை சுவாசிச்சுட்டு இருந்தா நினைவே போகலாம்.

ஒவ்வொரு 10 மீட்டருக்கும் வெறும் வயித்துல ஒரு மார்டினி அடிச்ச கணக்குன்னு டைவர்ங்க ஒரு பழைய விதி சொல்லுவாங்க, சிலர் 15 மீட்டருக்கு ஒண்ணும்பாங்க. நம்ம ஊர்ல மார்டினியை யார் கண்டா, குவார்ட்டர் கணக்குல மாத்திக்கோங்க. குத்துமதிப்பா பிடிச்சுக்க நல்ல விதிதான், ஆனா அதை வெச்சு ‘நான் நாலு ரவுண்டு போனாலும் ஸ்டெடியா நிப்பேன்’னு ஒருத்தர் என்கிட்டயே சொன்னார், அந்தத் தெம்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

அதே மாதிரி இன்னொரு நம்பிக்கை, அடிக்கடி ஆழமா போனா பழகிடும்ங்கிறது. உணர்வு மட்டும்தான் பழகுது. தொடர்ந்து ஆழத்துல டைவ் பண்றவங்களுக்கு நார்க் கம்மியா இருக்கிற மாதிரி தோணும், ஆனா சோதனை வெச்சு அளந்தா வேகமும் தப்பும் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கு. யோசிச்சுப் பார்த்தா இது பழகாததை விட ஆபத்து, தடுமாற்றம் அப்படியே இருக்கு, எச்சரிக்கை மணி மட்டும் அடங்கிப் போச்சு. கோர்ஸ்ல ஸ்லேட்ல நம்பர் கண்டுபிடிக்கிற டெஸ்ட் வெப்பாங்க, மேல ஒரு தடவை, கீழ ஒரு தடவை, நேரத்தை ஒப்பிடுவாங்க. எனக்கு அதுல பெரிய நம்பிக்கை கிடையாது, ஏன்னா டெஸ்ட்னு தெரிஞ்சா எல்லாரும் பல்லைக் கடிச்சுட்டு கவனம் வெச்சு முடிச்சுடுறாங்க, முடிச்சுட்டு எனக்கு ஒண்ணுமே ஆகலன்னு வேற சொல்லுவாங்க. ஒரே நேரத்துல ரெண்டு வேலை வரும்போதுதான் சாயம் வெளுக்கும், உதாரணமா கரண்ட் இழுக்குது, மாஸ்க்ல தண்ணி, அப்ப பார்த்து பட்டியோட, அதாவது ஜோடியா கூட இறங்குற டைவரோட, டேங்க் பேண்ட் கழண்டுடுச்சுன்னா.

நார்க்கை எதெல்லாம் கூட்டும்னா, ராத்திரி அடிச்ச சரக்கு, தூக்கமில்லாம வந்தது, குளிர், பதட்டம், தலைகீழா கடகடன்னு இறங்குறது. படகு ஆட்டத்துக்குன்னு காலையில அவோமின் போடுற பழக்கம் நம்ம ஆளுங்களுக்கு நிறைய, அது தூக்கம் வர வைக்கிற மாத்திரை, ஆழமான டைவ் அன்னைக்கு வேணாம், வேற என்ன போடலாம்னு டைவிங் தெரிஞ்ச டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. ஆனா எல்லாத்துக்கும் மேல ஒண்ணு இருக்கு, அதை யாரும் பெருசா சொல்றதில்ல: கார்பன் டை ஆக்சைடு. அது நைட்ரஜனை விட பல மடங்கு மயக்கும். ஆழம் கூடக் கூட காத்து கெட்டியாகும், 30 மீட்டர்ல லிட்டருக்கு சுமார் 5.2 கிராம், 40 மீட்டர் நெருங்கும்போது 6.2 தாண்டிடும். இந்த 5.2ஐத்தான் வசதியான எல்லைன்னும் 6.2ஐ தாண்டவே கூடாதுன்னும் இப்ப டைவிங் மருத்துவத்துல சொல்றாங்க. கெட்டியான காத்தை இழுத்து விடவே உடம்பு கஷ்டப்படும், அந்த நேரத்துல கரண்டை எதிர்த்து ஃபின் அடிச்சீங்கன்னா கார்பன் டை ஆக்சைடு வெளிய போகாம உள்ளயே தேங்கும், மூச்சு வாங்கும், மண்டை சுத்தமா குழம்பிடும். சும்மா மிதந்துட்டு இருந்தவனுக்கு ஒண்ணும் ஆகல, அதே ஆழத்துல கரண்ட்ல நீந்தினவனுக்கு பேய் பிடிச்ச மாதிரி ஆச்சுன்னா காரணம் இதுதான். அதனால மூச்சை மிச்சம் பிடிக்கிறேன்னு நிறுத்தி நிறுத்தி விடாதீங்க, மெதுவா ஆழமா முழுசா வெளிய விடுங்க, வேலை செய்யாதீங்க.

சரி, டைவ் அன்னைக்கு என்ன பண்றது. படகுலயே அதிகபட்ச ஆழம், எத்தனை பார்ல திரும்பணும், எத்தனாவது நிமிஷம் திரும்பணும், இந்த மூணையும் கை ஸ்லேட்ல எழுதிடுங்க, எது முதல்ல வருதோ அப்ப திரும்பணும், கீழ போய் பேரம் கிடையாது. இன்னும் ரெண்டு மீட்டர்தானே, இன்னும் ஒரு ரூம்தானேன்னு மனசு சொன்னா அது உங்க மனசு இல்ல, நைட்ரஜன். கயித்தைப் பிடிச்சு, தலை மேல கால் கீழ வெச்சு நிதானமா இறங்குங்க, நடுவுல ஒரு இடத்துல நின்னு பட்டியோட கண்ணைப் பாருங்க. கீழ காத்து கேக்கும்போது ஓகே சைகையை ஏத்துக்காதீங்க, நம்பர்தான் வேணும். நாங்க ஒரு விளையாட்டு வெச்சிருக்கோம், ஒருத்தர் ரெண்டு விரல் காட்டினா மத்தவர் மூணு காட்டணும், எப்பவும் ஒண்ணு கூட்டி. அதே ரெண்டைத் திருப்பிக் காட்டினாலோ யோசிச்சு யோசிச்சு காட்டினாலோ டைவ் முடிஞ்சுது, கட்டை விரல் மேல, அதாவது ஏறலாம்ங்கிற சைகை. தலைக்குப் பக்கத்துல விரலைச் சுத்திக் காட்டினா எனக்கு கிறுக்கு பிடிக்குதுன்னு அர்த்தம், இதையும் முன்னாடியே பேசி வெச்சுக்கோங்க, கோபத்துல திட்டுறான்னு எடுத்துக்கக் கூடாது பாருங்க.

வந்துடுச்சுன்னு சந்தேகம் வந்தா நிறுத்துங்க, கயித்தையோ பாறையையோ பிடிங்க, பட்டிக்கு காட்டுங்க, ரெண்டு பேரும் சேர்ந்து அஞ்சு பத்து மீட்டர் மெதுவா ஏறுங்க, நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேல வேகம் வேணாம். பெரும்பாலும் அங்கயே தெளிஞ்சுடும். தெளிஞ்சதும் திரும்ப இறங்கலாம்னு சில பேர் சொல்லிக் கொடுக்குறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, அந்த டைவோட மிச்சத்தை மேலயே சுத்திப் பார்த்துட்டு 5 மீட்டர்ல 3 நிமிஷம் நின்னுட்டு வந்துடுங்க. பட்டிக்கு நார்க் வந்து அவன் ஒத்துக்கலன்னா வாக்குவாதம் பண்ணாதீங்க, தண்ணிக்குள்ள அது முடியவும் முடியாது, கையைப் பிடிச்சு கூட்டிட்டு ஏறுங்க, சண்டையை படகுல வெச்சுக்கலாம்.

ஆக்சிஜன் கூட்டின காத்தான நைட்ராக்ஸ் போட்டா நார்க் வராதுன்னு ஒரு பேச்சு ஓடுது, நம்பாதீங்க. நைட்ரஜன் குறையுது, ஆனா அந்த இடத்துல வர்ற ஆக்சிஜனும் கொழுப்புல நல்லா கரையுற வாயுதான், கணக்குல ரெண்டும் ஒண்ணுன்னே எடுத்துக்குறாங்க. அது போக 32 சதவீத நைட்ராக்ஸ்ல 33 மீட்டருக்குக் கீழ போனா ஆக்சிஜனோட பங்கு 1.4 பார் தாண்டும், தண்ணிக்குள்ள வலிப்பு வர்ற ஆபத்து, அதோட ஒப்பிட்டா நார்க்கே தேவலை.

நிஜமான மருந்து ஹீலியம் ஒண்ணுதான். 1939 மே மாசம் அமெரிக்காவோட ஸ்குவாலஸ் நீர்மூழ்கி நியூ ஹாம்ப்ஷயர் பக்கம் 74 மீட்டர்ல மூழ்கினப்ப, உள்ள உயிரோட இருந்த 33 பேரை மணி மாதிரியான ஒரு சேம்பரை இறக்கி காப்பாத்தினாங்க. அப்ப காத்தை சுவாசிச்சு இறங்கின டைவர்ங்க கீழ குழம்பிப் போய், சாதாரண கேபிள் வேலையைக் கூட முடிக்க முடியாம திரும்பியிருக்காங்க. பிறகு கப்பலைத் தூக்குற வேலைக்கு ஹீலியம் கலவையோட இறங்கினாங்க, தெளிவா வேலை நடந்துச்சு. இதெல்லாம் தெரிஞ்சு எட்டு வருஷம் கழிச்சு, 1947ல, பிரான்ஸ்ல தூலோன் பக்கத்துல, ஸ்கூபா முன்னோடி கூஸ்தோ குழுவைச் சேர்ந்த மொரீஸ் ஃபார்க் காத்துலயே இறங்கினார், கயித்துல அங்கங்க கட்டியிருந்த பலகையில கையெழுத்து போட்டுட்டே போகணும். 120 மீட்டர் பலகையில அவர் கையெழுத்து இருந்துச்சு, ஆளை நினைவில்லாமதான் இழுத்தாங்க, பிழைக்கல.

இந்தக் காலத்துலயும் எகிப்துல தஹாப் ப்ளூ ஹோல்ல அதே கதைதான் நடக்குது. பாறைக்கு அடியில கடலுக்குப் போற வளைவு 50 மீட்டருக்குக் கீழ, உள்ள சுமார் 26 மீட்டர் நீளம், ஆனா தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவு, அந்தப் பக்க வெளிச்சம் தெரியுது, பார்க்குறவனுக்கு இதோ பத்து அடிதான்னு தோணும். நார்க்ல இருக்கிற மண்டைக்கு அது போதும். ஒத்தை டேங்க் காத்தோட போய் திரும்பாதவங்க பேர் எழுதின பலகைகள் கரைப் பாறையில வரிசையா இருக்கு.

இப்ப ஹெர்மிஸுக்கு வர்றேன். விமானம் தாங்குறதுக்குன்னே முதல்ல வரைஞ்சு டிசைன் பண்ணின கப்பல், 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடிச்சுது, 307 பேர் செத்தாங்க. மட்டக்களப்பு கரையிலேர்ந்து ஒன்பது பத்து கிலோமீட்டர் தள்ளி, சுமார் 53 மீட்டர்ல கிடக்கு. கப்பலோட உசரமான பகுதியே 40 மீட்டர் தாண்டித்தான் ஆரம்பிக்குது. உங்க கார்டு 30 மீட்டருக்கு, டீப் ஸ்பெஷாலிட்டி முடிச்சா 40, ரெண்டும் இங்க எட்டாது. காத்துலயே 50 வரைக்கும் பிரிட்டிஷ் கிளப்காரங்க போறாங்க, பிரான்ஸ்ல 60 வரைக்கும் கூட அனுமதி உண்டு, ஆனா அவங்க அதுக்குன்னு வருஷக்கணக்கா பயிற்சி எடுத்து படிப்படியா வந்தவங்க, அதுக்காக நைட்ரஜன் அவங்களுக்கு சலுகை காட்டுறதும் இல்ல.

காத்து கணக்கையும் போட்டுப் பாருங்க. சாதாரண அலுமினியம் டேங்க் 11.1 லிட்டர், 200 பார்னா 2220 லிட்டர். மேல நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுக்குற ஆளு 50 மீட்டர்ல 120 லிட்டர் இழுப்பார். கடைசி சொட்டு வரைக்கும் உறிஞ்சினாலே 18 நிமிஷம், அதுல பட்டிக்கு ஒரு பங்கு, மேல ஏற ஒரு பங்கு ஒதுக்கினா கையில என்ன மிஞ்சும்? 40 மீட்டருக்கே டெகோ, அதாவது நைட்ரஜன் வெளியேற வழியில நின்னு நின்னு ஏறுறது, இல்லாம நிக்க சுமார் 9 நிமிஷம்தான், 50ல இன்னும் கம்மி. கேஜைப் பார்த்து ஓகே காட்டுற மண்டையோட இந்தக் கணக்கை கீழ போட முடியுமான்னு நீங்களே சொல்லுங்க.

அதனால இந்த சீசன்ல ஹெர்மிஸ் வேணாம். மட்டக்களப்புதான் போகணும்னா அதே பக்கம் அதே நாள் மூழ்கின பிரிட்டிஷ் சார்ஜென்ட் எண்ணெய்க் கப்பல் சுமார் 24 மீட்டர்ல கிடக்கு, உங்க கார்டுக்குள்ள வரும், மீனும் அள்ளுது. அப்புறம் டீப் ஸ்பெஷாலிட்டி பண்ணி 35, 40ல உங்க நார்க் எப்படி வருதுன்னு நல்ல இன்ஸ்ட்ரக்டர் கூட பார்த்துக்கோங்க, பிறகு ரெட்டை டேங்க், டெகோ, ஹீலியம் கலந்த ட்ரைமிக்ஸ்னு டெக்னிக்கல் பக்கம் போகலாம். 21 சதவீத ஆக்சிஜன், 35 சதவீத ஹீலியம் கலவையில 50 மீட்டர் போனா நார்க் 29 மீட்டர்ல காத்து சுவாசிக்கிற அளவுக்குத்தான் இருக்கும், காத்தும் லேசாகும், மூச்சும் சுலபம். ஹீலியம் விலை கையைக் கடிக்கும், அது உண்மைதான்.

இதுக்கு நடுவுல யாராவது "அட்வான்ஸ்டு போதும், நாங்க கூட்டிட்டு போறோம், சும்மா மேல இருந்து எட்டிப் பார்த்துட்டு வந்துடலாம்"னு சொன்னா பணம் கட்டுறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க: எத்தனை மீட்டர்ல எந்த கேஸ், ஒரு கைடுக்கு எத்தனை பேர், டெகோ நிறுத்தத்துக்கு கயித்துல எக்ஸ்ட்ரா டேங்க் தொங்க விடுவீங்களா, படகுல ஆக்சிஜன் கிட் இருக்கா, பக்கத்துல வேலை செய்யுற சேம்பர் எங்க. அஞ்சு ஆயிடுச்சு, பரவால்ல, அஞ்சையும் கேளுங்க, மழுப்பினா பேக்கை எடுத்துட்டு கிளம்புங்க.